நாலடித் தண்ணீரில் மீன்பிடி கயாக்கை நிறுத்த: மடக்கு நங்கூரமா, ஊன்றுகழியா, பவர்-போல் மைக்ரோவா?

டெக்சாஸின் லகூனா மாட்ரேயில் கயாக் (ஒடுங்கிய சிறு படகு) ஓட்டி மீன் பிடிப்பவருக்கு ஆழம் ஒரு பொருட்டே இல்லை. அந்தக் காயலின் சராசரி ஆழம் ஏறக்குறைய ஒரு மீட்டர்தான். அங்கே படுத்துவது காற்று. வசந்தகாலத்தில் தென்கிழக்கிலிருந்து மணிக்கு 15, 20 மைல் வேகத்தில் வீசும். துடுப்பை மடியில் வைத்துவிட்டுத் தூண்டிலை எடுப்பதற்குள் கயாக் நகர்ந்து, மேய்ந்துகொண்டிருந்த ரெட்ஃபிஷ் கூட்டத்தின் மேலேயே போய் நிற்கும். முழங்கால் அளவு தண்ணீரில் கலைந்த மீன் அன்றைக்குத் திரும்பி வருவது அபூர்வம். ஃப்ளோரிடாவின் மஸ்கீட்டோ லகூன், டாம்பா வளைகுடாவின் புல்திட்டுகள் எல்லா இடத்திலும் இதே கதைதான்.

இதற்காகக் கடைகளில் கிடைப்பவை மூன்று வகை: ஒன்றரைக் கிலோ எடையுள்ள நாலு கொக்கி மடக்கு நங்கூரம், யாக்அட்டாக் நிறுவனத்தின் பார்க்என்போல் போன்ற ஊன்றுகழிகள், பவர்-போல் மைக்ரோ என்ற, மோட்டாரால் தரைக்குள் இறங்கும் ஊசி. துடுப்போ மிதியோ வைத்து ஓட்டும் கயாக், நாலடிக்குள் ஆழம், மணல் அல்லது சேற்றுத் தரை என்றால் எட்டடி ஊன்றுகழியை வாங்குங்கள். ஆனால் அதற்கு முன்னால் ஆங்கர் டிராலியைப் பொருத்துங்கள். டிராலி இல்லாத கயாக்கில் நங்கூரமும் கழியும் பாதி வேலைதான் செய்யும். அதனால் டிராலியிலிருந்தே தொடங்குகிறேன்.

டிராலி என்பது கயாக்கின் ஒரு விலாவில் அணியத்திலிருந்து (முன்முனை) அமரம் (பின்முனை) வரை ஓடும் ஒரு கயிற்று வளையம். இரு முனைகளிலும் சிறு கப்பி, நடுவே ஒரு உலோக வளையம், இருக்கைக்குப் பக்கத்தில் கயிற்றை இறுக்கிப் பிடிக்க ஒரு வளைவுப் பிடிப்பான். நங்கூரக் கயிறோ கழியின் கயிறோ அந்த உலோக வளையத்தில் மாட்டும். இருக்கையை விட்டு எழாமல் கயிற்றை இழுத்து வளையத்தை முன்னுக்கோ பின்னுக்கோ ஓட்டலாம். கயாக் எந்த முனையில் தொங்கி நிற்க வேண்டும் என்பதை இப்படி உட்கார்ந்த இடத்திலிருந்தே முடிவு செய்கிறோம்.

இது ஏன் இவ்வளவு முக்கியம்? பன்னிரண்டடி கயாக்கும் அதில் உட்கார்ந்திருப்பவரும் சேர்ந்து பக்கவாட்டில் காற்றுக்குக் காட்டும் பரப்பு சுமார் ஒன்றரைச் சதுர மீட்டர். மணிக்கு 17 மைல் காற்றில் அந்தப் பரப்பின் மேல் கிட்டத்தட்ட ஆறு கிலோ தள்ளுவிசை விழும். அதே கயாக் முனையைக் காட்டி நின்றால் பரப்பு பாதிக்கும் கீழே போகும், விசையும் இரண்டரைக் கிலோவுக்கு இறங்கிவிடும். கழி பிடுங்கிக்கொண்டு வருகிறது, நங்கூரம் இழுபடுகிறது என்ற புகார்களில் பெரும்பாலானவை பொருளின் குறையால் வருபவை அல்ல. இருக்கைக்குப் பக்கத்தில் கட்டியதால் கயாக் குறுக்கே நின்று காற்றை முழுதாக வாங்கியதன் விளைவு அவை.

பக்கவாட்டில் கட்டுவதில் இதைவிடப் பெரிய ஆபத்தும் உண்டு. நீரோட்டம் உள்ள இடத்தில் குறுக்கே நிற்கும் கயாக்கின் மேல்நீர்ப் பக்கத்தில் தண்ணீர் குவியும். கயிறு அந்த விலாவைக் கீழே இழுக்கும். சில நொடிகளில் கவிழ்ந்துவிடலாம். ஓட்டம் உள்ள வாய்க்காலில் அணியத்திலோ அமரத்திலோ மட்டும்தான் கட்ட வேண்டும். இதில் விலக்கே கிடையாது.

டிராலி பொருத்தும்போது கப்பிகளை முனைகளுக்கு எவ்வளவு நெருக்கமாக வைக்க முடியுமோ அவ்வளவு நெருக்கமாக வையுங்கள். முனையிலிருந்து ஓரடிக்கு மேல் உள்ளே தள்ளி வைத்தால் கட்டிய பிறகும் கயாக் வாலை ஆட்டிக்கொண்டே இருக்கும். பன்னிரண்டடி கயாக்குக்குப் போக வர இருபத்துநாலடி கயிறு, முடிச்சுக்கும் பிடிப்பானுக்கும் சேர்த்து முப்பதடி வாங்கினால் நிம்மதி. ஐந்து மில்லிமீட்டர் தடிமன் போதும். ஒரு கப்பியை நேராகத் திருகாமல் ஒரு சாண் எலாஸ்டிக் கயிற்றில் கட்டினால் கயிறு நீண்டாலும் வளையம் தொய்யாது, அலை தூக்கும்போது விழும் வெட்டிழுப்பையும் அது கொஞ்சம் வாங்கிக்கொள்ளும்.

துளை போடும் இடத்தில் உள்ளே கை நுழைந்தால் துருப்பிடிக்காத போல்ட், பெரிய வாஷர், நைலான் பூட்டு நட். கை எட்டாத முனைகளில் உள்ளே மூன்றாக விரியும் ரிவெட். சாதாரண அலுமினிய பாப் ரிவெட்டை நம்ப வேண்டாம், பிளாஸ்டிக்கில் அது மெல்லத் துளையை அகட்டிக்கொண்டு வெளியே வந்துவிடும். கயாக் பெரும்பாலும் பாலிஎத்திலீன். அதில் சிலிக்கான் ஒட்டவே ஒட்டாது, உலர்ந்ததும் தோலாக உரிந்து வரும். ப்யூட்டைல் நாடாவை (ரப்பர் போன்ற ஒட்டுநாடா) வாஷர்போல வைத்து இறுக்குவதுதான் நிற்கும்.

இனி மடக்கு நங்கூரம். மூன்றிலும் விலை மலிவு, பைக்குள் அடங்கும், பெரும்பாலான பெட்டிகளில் கயிறும் சிறு மிதவையும் சேர்ந்தே வரும். ஆறடி, எட்டடி ஆழத்துக்கு இதுதான் வழி, கழி அங்கே எட்டாது. ஆழம் குறைந்த இடத்தில் இதன் குறைகள் ஒவ்வொன்றாக வெளியே வரும். நங்கூரம் எடையால் மட்டும் பிடிப்பதில்லை, கொக்கி தரையில் மாட்டுவதால்தான் பிடிக்கிறது. இழுப்பு தரையோடு படிந்து வந்தால்தான் கொக்கி மாட்டும். அதற்கு ஆழத்தைப்போல ஏழு மடங்கு கயிறு விட வேண்டும் என்பது பொதுக்கணக்கு. அமைதியான நாளில் குறைந்தது மூன்று மடங்கு. மூன்றடித் தண்ணீருக்கும் கயாக் விளிம்பின் ஓரடி உயரத்துக்கும் சேர்த்து நாலு என்று வைத்தால் ஏழு மடங்கு இருபத்தெட்டு அடி. அவ்வளவு கயிற்றில் தொங்கும் கயாக் காற்று திரும்பும்போதெல்லாம் பெரிய வட்டமடிக்கும். குறிபார்த்து வீச வேண்டிய மீன்பிடிப்புக்கு அது உதவாது.

கயிற்றைக் குறைக்க வேண்டுமானால் நங்கூரத்துக்கும் கயிற்றுக்கும் நடுவே மூன்றடி நீளம் கால் அங்குலச் சங்கிலி சேருங்கள். சங்கிலியின் எடை இழுப்பைத் தரைப்பக்கம் தாழ்த்தும். கூடவே சத்தமும் வரும். பிளாஸ்டிக் விளிம்பில் சங்கிலி உரசும் ஓசை ஆழமில்லாத் தண்ணீரில் வெகுதூரம் கேட்கும். சங்கிலியின் மேல் சைக்கிள் டியூபையோ தோட்டக் குழாய்த் துண்டையோ உறையாக மாட்டிவிட்டால் சத்தம் பெருமளவு அடங்கும்.

இந்த நங்கூரத்தின் பலவீனமான இடம், கொக்கிகளை விரித்துப் பூட்டும் வளையக் கழுத்து. மணல் புகுந்தால் இறுகிப்போகும், சரியாகப் பூட்டாமல் போட்டால் தரையில் மடங்கிக்கொண்டு வெறும் எடையாகக் கிடக்கும். தண்ணீரில் இறக்கும் முன் நான்கு கொக்கிகளையும் கையால் ஒருமுறை மடக்கிப் பாருங்கள், அசையக்கூடாது. பாறையிலோ சிப்பித் திட்டிலோ மாட்டிக்கொண்டால் மீட்க ஒரு பழைய உத்தி உண்டு. சங்கிலியை நங்கூரத்தின் மேல்கண்ணில் கட்டாமல் அடிக்கண்ணில் கட்டி, தண்டோடு மேலே கொண்டுவந்து மேல்கண்ணில் ஒரு மெல்லிய பிளாஸ்டிக் டையால் மட்டும் பிணைக்க வேண்டும். சாதாரண இழுப்பை டை தாங்கும். மாட்டிக்கொண்டால் நேர் மேலே போய்ப் பலமாக இழுத்தால் டை அறுந்து, இழுப்பு அடிக்கண்ணுக்கு மாறி, கொக்கிகள் வந்த வழியே பின்னோக்கிக் கழன்றுவரும். 18 பவுண்டு தாங்கும் மெல்லிய டை போதும். தடித்த டை போட்டால் உத்தியின் நோக்கமே கெட்டுவிடும். அடிக்கண் இல்லாத மாதிரிகளும் விற்கிறார்கள், அவற்றை வாங்காதீர்கள்.

கடற்புல் தரையில் மடக்கு நங்கூரத்தைப் போட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். கொக்கி புல்லின் வேர்த்தண்டைக் கொத்தாகப் பிடுங்கும். டர்ட்டில் கிராஸ் என்ற அகல இலைப் புல் ஒருமுறை வேரோடு போனால் அந்த இடம் மூட ஆண்டுக்கணக்காகும். அந்தப் புல்லில்தான் இறாலும் நண்டும் குஞ்சு மீனும் வளர்கின்றன, ரெட்ஃபிஷும் ட்ரௌட்டும் அதைத் தேடித்தான் அங்கே வருகின்றன. கழி விடும் துளை விரல் தடிமன். தவிர, புல்லில் நங்கூரம் சரியாகப் பிடிப்பதும் இல்லை. கொக்கி நிறையப் புல் அடைத்துக்கொண்டு வழுக்கிக்கொண்டே வரும்.

ஊன்றுகழிக்கு வருவோம். வர்ஜீனியாவின் ஃபார்ம்வில்லில் உள்ள யாக்அட்டாக் தயாரிக்கும் பார்க்என்போல் ஆறடி, எட்டடி நீளங்களில் கிடைக்கிறது. மற்ற நிறுவனங்களின் கழிகளும் அடிப்படையில் இதே அமைப்புதான்: ஃபைபர்கிளாஸ் தண்டு, ஒரு முனை கூர், மறுமுனையில் பிடி, கயிறு கட்ட ஒரு துளை. எதை வாங்கினாலும் பார்க்க வேண்டியது தண்டு திண்மமா உள்ளீடற்றதா என்பதை. உள்ளீடற்ற குழாய் கை நழுவினாலும் மிதக்கும், எடை குறைவு, நின்றுகொண்டு தள்ளுகோலாகவும் பயன்படும். திண்மத் தண்டு மெல்லியதாக இருந்தும் பலமானது, கெட்டி மணலில் எளிதாக இறங்கும், ஆனால் தண்ணீரில் கல்லாக மூழ்கும். திண்மம் வாங்கினால் பிடியில் ஒரு மிதவையோ, கயாக்கோடு பிணைக்கும் கயிறோ கட்டாயம்.

நீளத்தில் கஞ்சத்தனம் வேண்டாம். எட்டடிக் கழி எட்டடித் தண்ணீருக்கானது அல்ல. தரைக்குள் ஒன்றரை முதல் இரண்டடி, தண்ணீருக்கு மேலே கைக்கு ஓரடி, போதாததற்குச் சாய்த்து ஊன்றுவதில் கொஞ்சம் நீளம் போகும். கெட்டி மணலில் நாலரை அடி வரை, இளகிய சேற்றில் மூன்றரை அடி வரைதான் நம்பலாம். ஆறடிக் கழிக்கு இரண்டரை அடித் தண்ணீர். ஆழம் கூடக்கூடக் கழியின் மேல் விழும் நெம்புவிசையும் அதே விகிதத்தில் கூடும். இரண்டடியில் அசையாமல் நின்ற கழி நாலடியில் வளைந்து மெல்லத் துளையை அகட்டுவது இதனால்தான். அதனால் கயிற்றைக் கழியின் உச்சியில் கட்டாதீர்கள். ஒரு சுருக்கு வளையமாகப் போட்டு, நீர்மட்டம் வரை அல்லது அதற்கும் கீழே இறக்கிவிடுங்கள். உச்சித் துளை, கழி தொலையாமல் இருக்கக் கட்டும் காப்புக் கயிற்றுக்கு மட்டும்.

ஊன்றும் முறை இது. மீன் இருக்கும் இடத்துக்குக் காற்று வரும் பக்கம், வீச்சுக்கு எட்டும் இருபது மீட்டருக்கு முன்பே துடுப்பை நிறுத்துங்கள். அதற்கு முன்னமே டிராலி வளையத்தை அமரத்துக்கு ஓட்டி, அதிலிருந்து ஆறடி இணைப்புக் கயிறு இருக்கை வரை வந்து கழியில் மாட்டியிருக்க வேண்டும். இருக்கைக்குச் சற்றுப் பின்னால், கை எட்டும் இடத்தில் கழியை இறக்குங்கள். செங்குத்தாக அல்ல. மாட்டுக்கு முளை அடிக்கும்போது எப்படி இழுப்புக்கு எதிர்ப்பக்கம் சாய்த்து அடிப்போமோ அப்படி, மேல்முனை காற்று வரும் பக்கம் சாய்ந்திருக்க வேண்டும். குத்தாதீர்கள். குத்தினால் சத்தமும் வரும், கயாக்கும் எதிர்ப்பக்கம் ஆடும். உடல் எடையைக் கொடுத்து, கழியை இடமும் வலமும் திருகிக்கொண்டே அமுக்கினால் மணல் வழிவிடும். பிறகு கையை விடுங்கள். கயாக் நகர்ந்து, கயிறு இறுகி, அமரம் காற்றுக்கு எதிராகவும் அணியம் மீன் பக்கமாகவும் தானே திரும்பி நிற்கும். காற்றோடு வீசலாம், தூரமும் கிடைக்கும்.

மிதிச் செலுத்தி, சுக்கான் உள்ள கயாக் என்றால் அமரத்தில் கட்டும் முன் சுக்கானைத் தூக்கிவிடுங்கள், இல்லையென்றால் கயிறு அதில் சுற்றும். அலை அரை அடிக்கு மேல் எழுந்து பின்பக்கச் சரக்குத் தொட்டிக்குள் தண்ணீர் ஏறத் தொடங்கினால் வளையத்தை அணியத்துக்கு மாற்றுங்கள். மீன்பிடிக் கயாக்கின் அமரம் பொதுவாகத் தாழ்ந்தது, அணியம்தான் அலையை ஏறும்.

கழியை எடுக்கும்போது நேராக மேலே இழுத்தால் சேறு உறிஞ்சிப் பிடிக்கும், குனிந்து இழுப்பவர் நிலைதடுமாறுவார். முதலில் கால் சுற்று திருகி, உள்ளே தண்ணீர் இறங்க விட்டுப் பிறகு தூக்கினால் எளிதாக வரும்.

பலரும் கயாக்கின் வடிகால் துளை வழியாகக் கழியை இறக்கி நிறுத்துகிறார்கள். டிராலியே தேவையில்லை, பக்கத்திலேயே இருக்கிறது என்பதால் கவர்ச்சியான வழிதான். முழங்கால் தண்ணீரில், அலையே இல்லாத காலை வேளையில் பரவாயில்லை. அலை இருந்தால் கூடாது. கயாக் ஆடும் ஒவ்வொரு முறையும் கழி அந்தத் துளையின் சுவரை நெம்பும். மேல்தட்டும் அடித்தட்டும் சேரும் மெல்லிய குழாய் அது. அங்கே விரிசல் விட்டால் தண்ணீர் நேராகக் கயாக்கின் வயிற்றுக்குள் போகும், வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது. தவிர, பெரிய படகின் அலை வரும்போது உடனே கழற்றிக்கொண்டு விலகவும் முடியாது.

கழி தோற்கும் தரைகளும் உண்டு. சிப்பித் திட்டிலும் ஃப்ளோரிடா கீஸ் தீவுகளின் சுண்ணாம்புப் பாறையிலும் ஓர் அங்குலம்கூட இறங்காது, முனை சிதறும். ஃபைபர்கிளாஸ் சிதறிய முனையைக் கையுறை இல்லாமல் தொடாதீர்கள், நுண்ணிய இழைகள் தோலில் ஏறும். அதை வெட்டி எபாக்ஸி தடவி மூடினால் கழி மீண்டும் பயன்படும். தொடையளவு இளகிய சேற்றில் கழி எளிதாக இறங்கும், அதே எளிமையோடு சாயும். அங்கே இரண்டு கழிகளை இரு முனைகளில் ஊன்றினால் ஒழிய நிற்காது.

வீட்டிலேயே செய்துகொள்ளலாமா? தாராளமாக. முக்கால் அங்குலத் திண்ம ஃபைபர்கிளாஸ் தண்டு எட்டடி, உச்சியில் பிவிசி டி-இணைப்பை எபாக்ஸியால் ஒட்டிப் பிடி, மறுமுனையை அரத்தால் கூராக்கி எபாக்ஸி பூச்சு, பிடிக்குக் கீழே கயிறு கட்டிய மிதவை. கடைக் கழிக்குப் பெரிதாகக் குறையாது. வெறும் பிவிசி குழாயில் மட்டும் செய்யாதீர்கள். வெயிலில் இளகி வளையும், குளிர்காலத்தில் சட்டென்று முறியும்.

டாம்பாவைச் சேர்ந்த பவர்-போல் நிறுவனத்தின் மைக்ரோ வேறு தரத்துப் பொருள். அமரத்தில் பொருத்திய மோட்டார் பெட்டி, முக்கால் அங்குலத் தடிமன் கொண்ட ஊசியைப் பிடித்துத் தரைக்குள் தள்ளுகிறது. எட்டரை அடி நீள ஊசி வரை போடலாம். பொத்தானை அழுத்தினால் போதும், கையில் தூண்டிலோடு நிறுத்திவிடலாம். தண்ணீருக்கு மேலே ரெட்ஃபிஷ் வாலைக் கண்ட நொடியில் நிற்க முடிவது பெரிய அனுகூலம், அதை எந்தக் கழியும் தராது. நின்றுகொண்டு வீசுபவர்களுக்கும், குனிந்து கழி ஊன்ற இடுப்போ தோளோ ஒத்துழைக்காதவர்களுக்கும் இதை மனமாரப் பரிந்துரைப்பேன்.

ஆனால் எடையைக் கூட்டிப் பாருங்கள். மோட்டார் பெட்டி சுமார் மூன்றரைக் கிலோ, முழுநீளத் திண்ம ஊசி ஒன்றரைக் கிலோ, அதைத் தாங்கும் தகடு, பன்னிரண்டு வோல்ட் பேட்டரி. ஈய பேட்டரி என்றால் அதுவே இரண்டரைக் கிலோ, லித்தியம் என்றால் பாதி. எல்லாம் அமரத்தில் சேர்ந்தால் பின்பக்கம் அமிழும், அணியம் தூக்கி, காற்றில் கயாக் நேராகப் போகாது. பேட்டரியை இருக்கைக்கு முன்னால் வைத்து ஒயரை நீட்டுங்கள். அமரத்தில் இதற்கான திருகு இடம் இல்லாத கயாக் என்றால் அந்த மாதிரிக்கென்று செய்த தகடு வேண்டும். மெல்லிய பிளாஸ்டிக்கில் நேராகத் திருகக் கூடாது.

தூக்கிய ஊசி எட்டடிக் கொடிக்கம்பமாகப் பின்னால் நிற்கும் என்பதும் கவனத்தில் இருக்கட்டும். அலையாத்திக் கிளைகளுக்குள் நுழையும்போது மாட்டும், தாழ்ந்த பாலத்தடியில் இடிக்கும், ஃப்ளை (பூச்சி போன்ற செயற்கை இரை) வீசுபவரின் பின்வீச்சில் குறுக்கிடும். அடிக்கடி அப்படிப் போகிறவர்கள் குட்டையான ஊசி போடுவது நல்லது. மோட்டாரின் முனகல் சத்தம், அடித்தண்ணீரில் மேயும் மீனுக்குக் கேட்கத்தான் செய்யும், எனவே இன்னும் பத்து மீட்டர் முன்னதாகவே நிறுத்துங்கள். அலையில் கயாக் எழும்பும்போது ஊசி பக்கவாட்டில் நெம்பப்பட்டு மோட்டாருக்குள் இறுகும். பொத்தானுக்கு அசையாவிட்டால் திரும்பத் திரும்ப அழுத்தாமல், துடுப்பால் கயாக்கைக் கொஞ்சம் பின்னுக்குத் தள்ளிச் சாய்வைக் குறைத்த பிறகு தூக்குங்கள். இதோடு ஒரு சாதாரணக் கழியும் படகில் இருக்கட்டும், பேட்டரி இறங்கும் நாள் வரும்.

மூன்றில் எதுவானாலும் உடனே கழற்றும் வழி வேண்டும். கழி, நங்கூரக் கயிறுகளில் முடிச்சுக்குப் பதில் காராபினர் (விரலால் அமுக்கித் திறக்கும் கொக்கி வளையம்) மாட்டி, கயிற்றின் நுனியில் சிறு மிதவை கட்டுங்கள். பெரிய மீன் மாட்டி இழுத்தாலோ படகு நேரே வந்தாலோ கழற்றி விட்டுவிட்டு, பிறகு வந்து மிதவையைப் பிடித்துக்கொள்ளலாம். உயிர்காப்பு உடையின் மார்பில், ஒரு கையால் உருவக்கூடிய கத்தியும் இருக்கட்டும்.

உப்புத் தண்ணீரிலிருந்து வந்ததும் டிராலிக் கப்பிகளையும் நங்கூரக் கழுத்தையும் மைக்ரோவின் ஊசித் துளையையும் நல்ல தண்ணீரில் அலசுங்கள். மணலோடு உலர்ந்த கப்பி சில வாரங்களில் சுழல மறுத்து, கயிற்றை ஒரே இடத்தில் அறுக்கத் தொடங்கும். பருவத்துக்கு ஒருமுறை டிராலிக் கயிற்றை முழுக்க ஓட்டி, கப்பிக்குள் மறைந்திருக்கும் பகுதியை வெளியே கொண்டுவந்து விரலால் தடவிப் பாருங்கள். இழை சிலும்பியிருந்தால் கயிற்றை மாற்றிவிடுங்கள்.